பெரட்டுக்களத் தேர்தல்

கிள்ளானிலிருந்து காப்பார் போகிற ரோட்டில் நாலாவது மைல் கல்லைத் தாண்டும்போதே முன்பெல்லாம் தார் வாசனை வந்துவிடும். இப்போது அங்கே டயர் கடையும் பெட்ரோல் ஸ்டேசனும் இருக்கின்றன. நான் சொல்லுகிற காலத்தில், அதாவது ரப்பர் விலை அதலபாதாளத்துக்குப் போய்க் கப்பல் கப்பலாக ஆட்களைச் சொந்த ஊருக்குத் திருப்பி ஏற்றிய அந்த முப்பதுகளின் தொடக்கத்தில், அங்கே மெக்ரே துரையின் ரோட்டுக் காண்ட்ராக்ட் ஆட்கள் குடியிருந்த லயம் இருந்தது. பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக முப்பத்திரண்டு ரூம்பு. பின்பக்கம் கித்தா காடு என்கிற ரப்பர் தோட்டம், முன்பக்கம் பெரட்டுக்களம்.

பெரட்டு என்றால் காலையில் ஆஜர் எடுப்பது. ஐந்தரை மணிக்கு ஆண்களும் பெண்களும் களத்தில் வரிசையாகக் குந்தியிருக்க வேண்டும். கணக்கு எழுதுகிற பெரிய கிராணி ராமசுப்பிரமணியன் செக்ரோல் என்கிற பேர்ப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். குந்தினபடியே ‘ஐயா’ என்று குரல் கொடுக்க வேண்டும். கடைசிப் பேர் முடிந்ததும் கனத்த அட்டை போட்ட அந்தப் புத்தகத்தை ஒற்றைக் கையால் ‘பட்’டென்று மூடுவார். சத்தம் கேட்டதும் எல்லாரும் எழுந்து நின்றுவிட வேண்டும். அப்புறமும் குந்தியிருந்தவனுக்கு அரைப்பேர், அன்றைக்குப் பாதிக் கூலிதான். காய்ச்சலோ பேதியோ, முதலில் எழுந்து நின்றுவிட்டு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். கல்லுடைக்கிற மாரியாயிக்கு மட்டும் விலக்கு உண்டு. இரண்டு முட்டியும் வீங்கிப்போய் அவள் எழுந்திருப்பதற்குள் மற்றவர்கள் ரோட்டுக்கே போய்விடுவார்கள். உட்கார்ந்து செய்கிற வேலைதானே என்று துரையே ஒருநாள் சிரித்துச் சொல்லிவிட்டுப் போனதால் அவளை யாரும் கேட்பதில்லை.

கார்த்திகேசு பதினாறு வருஷமாக அந்தக் களத்தில் குந்தி எழுந்தவன். தார்க் கும்பலில் அவன்தான் மூத்த ஆள். பீப்பாயை உடைத்துத் தார்க்கட்டியைக் கொப்பரையில் போட்டு, கித்தா விறகை அளவாகத் தள்ளி, பொங்கவிடாமல் காய்ச்சுவது லேசுப்பட்ட வேலையில்லை. கொஞ்சம் கூடிப்போனால் தீப்பிடிக்கும். குறைந்துபோனால் ரோட்டில் ஒட்டாது. காலில் சாக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, நீண்ட குவளையில் மொண்டு மொண்டு கல்மேல் ஊற்றிக்கொண்டே பின்பக்கமாக நடக்க வேண்டும். சாயங்காலம் அவன் பெஞ்சாதி தங்கமணி மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து துணியில் நனைத்து அவன் கையைத் தேய்த்துவிடுவாள். அப்படியும் நகக்கண்ணில் கறுப்பு போகாது. அந்தக் கையாலேயே சோறு தின்பான்.

தங்கமணியும் முன்பு கல்லுடைத்தவள்தான். வேலை குறைந்ததும் பாதிப் பெண்களின் பேரைச் செக்ரோலிலிருந்து எடுத்தபோது அவள் பேரும் போயிற்று. ஆறு வயதில் இந்தச் சீமைக்கு வந்தவள். அவள் அம்மாவும் அப்பாவும் காப்பார் ரோட்டு இடுகாட்டில்தான் கிடக்கிறார்கள். அம்மா செத்தபோது தங்கமணிக்குப் பதினாலு வயது, தம்பி நாகையாவுக்கு அஞ்சு. அன்றிலிருந்து அவனுக்கு எல்லாம் அவள்தான். கல்லுடைத்து அவனைக் கிள்ளான் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். கல்யாணமானபோதும், ‘தம்பியும் கூடத்தான் இருப்பான், சம்மதமா’ என்று கேட்டுவிட்டுத்தான் கழுத்தை நீட்டினாள். இப்போது நாகையாவுக்கு இருபத்தாறு வயது. ஸ்டோரில் தார்ப் பீப்பாய் இறக்குகிற வேலை. லயத்திலேயே தமிழில் மனு எழுதத் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான். அந்தப் பெருமை அக்காளுக்கு ரொம்ப இருந்தது.

அந்த ஒற்றை ரூம்பில் புருஷன், பெஞ்சாதி, புஷ்பவல்லி, லெட்சுமி என்று இரண்டு பெண் பிள்ளைகள், தட்டிக்கு அந்தப்பக்கம் நாகையா. இதுதான் குடும்பம்.

கிள்ளானில் வட்டாரத் தமிழர் சங்கம் என்று ஒன்று இருந்தது. ஒவ்வொரு லயத்திலிருந்தும் ஒரு பிரதிநிதி, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை. எங்கள் நாலாவது மைலுக்குச் சங்கம் தொடங்கிய நாளிலிருந்து பிரதிநிதி ராமசுப்பிரமணியன்தான். வேலை வாங்குகிறவரும் அவர், வேலைக்காரனுக்காகப் பேசப் போகிறவரும் அவர். யாருக்கும் அது விநோதமாகப் படவில்லை. கிள்ளானிலிருந்து செயலாளர் வருவார், ‘இவரே இருக்கட்டுமா’ என்று கேட்பார், எல்லாரும் தலையை ஆட்டுவார்கள், வெற்றிலை பாக்கோடு கூட்டம் முடிந்துவிடும்.

ஊருக்கு அனுப்புகிற காலம் வந்ததும்தான் அந்தப் பதவிக்குப் பல் முளைத்தது. விருப்பப்பட்டுப் போகிறவர்களுக்குக் கப்பல் இலவசம். யார் விருப்பப்படுகிறார்கள் என்று பிரதிநிதி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும். ஒரு திங்கட்கிழமை லோரி வந்து பழனியப்பன் குடும்பத்தின் முன்னால் நின்றபோதுதான், தான் விருப்பப்பட்டிருக்கிறோம் என்பது பழனியப்பனுக்கே தெரிந்தது. அடுப்பில் மரவள்ளிக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். கார்த்திகேசுதான் அடுப்பை அணைத்தான்.

அன்று சாயங்காலம் அவன் கிராணியிடம் போய்க் கேட்டான். “ஏன்டா, உனக்கும் ஊரு ஞாபகம் வந்துருச்சா?” என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவனுக்குப் பொறுக்கவில்லை. அடுத்த தேர்தலில் நான் நிற்கிறேன் என்று ஸ்டோர் வாசலிலேயே நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டு வந்துவிட்டான்.

தங்கமணி அம்மியில் மிளகாயும் பெலாச்சான் இறால் கட்டியும் வைத்து அரைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் குழவி நின்றுபோயிற்று.

“தோத்துட்டா?”

“தோக்க மாட்டேன். தொண்ணூத்தொரு பேருல எழுவது பேரு எனக்குத்தான்னு சொல்றாங்க.”

“நான் அதக் கேக்கல. தோத்துட்டா என்னாகும்?”

கார்த்திகேசு அம்மியோரம் கிடந்த மிளகாய்க் காம்புகளைப் பொறுக்கினான்.

“அடுத்த லிஸ்டுல பதினஞ்சு குடும்பமாம். மொதப் பேரு நம்ம பேராத்தான் இருக்கும். அங்க போயி எங்க எறங்குறது? உங்க ஊருல உங்களுக்கு யாரு இருக்கா? எனக்கு ஊரு பேரே சரியா வராது. ரெண்டு பொட்டப் புள்ளைங்கள வச்சிக்கிட்டு ரோட்டுலயா நிக்கிறது?”

“நிக்காம இருந்தா மட்டும் பேரு வராதா? பழனியப்பன் என்னா நின்னானா? அவன் கிராணிய எதுத்துப் பேசியிருப்பானா ஒரு நாளு?”

அது அவளுக்கும் நியாயமாகத்தான் பட்டது. தட்டிக்கு அந்தப்பக்கமிருந்து நாகையா வந்து உட்கார்ந்தான்.

“மாமா சொல்றது சரிதாங்க்கா. எழுத்து வேலையெல்லாம் நான் பாத்துக்குறேன். நீ பயப்படாத.”

“நீ இருக்கியேன்னுதான் எனக்குக் கொஞ்சம் தைரியம்” என்றாள் தங்கமணி. உண்மையாகவே அவளுக்குத் தைரியம் வந்தது. கங்கோங் கீரையை வதக்கி, கருவாட்டைச் சுட்டு, முதல் தட்டு தம்பிக்குத்தான் போட்டாள்.

அடுத்த இரண்டு வாரமும் லயமே வேறு மாதிரி இருந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு மழை அடித்துப் பெய்யும். மழையில் தார் ஊற்ற முடியாது. கொப்பரைமேல் தகரத்தை மூடிவிட்டுக் கும்பல் கும்பலாகத் தாழ்வாரத்தில் ஒதுங்குவார்கள். அங்கேதான் பேச்சு நடந்தது. யாருக்கும் தெரியாமல் பேசுவதாக அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். தகரக் கூரைமேல் பெய்கிற மழையில் கத்திப் பேசினால்தான் காது கேட்கும் என்பது வேறு விஷயம்.

மாரியாயி உடைத்த ஜல்லியின்மேல் சாக்கை விரித்து உட்கார்ந்தபடி சொன்னாள். “நான் ஓட்டு ஒனக்குத்தாண்டா போடுவேன் கார்த்திகேசு. ஆனா எந்திரிச்சு வந்து போடச் சொல்லாத. நீயே வந்து வாங்கிட்டுப் போ.”

எல்லாரும் சிரித்தார்கள். கார்த்திகேசுவும் சிரித்தான். ஆனால் ஓட்டை எப்படிப் போடுவது என்ற கேள்வி அங்கிருந்துதான் வந்தது. இதுவரை போட்டியே இல்லாததால் அதற்கு முறை என்று ஒன்றும் இல்லை. கார்த்திகேசு ஒரு யோசனை வைத்திருந்தான். இரண்டு தார் டின். ஒன்றில் வெள்ளைச் சுண்ணாம்புக் கோடு, ஒன்றில் ஒன்றுமில்லை. சாக்குத் திரைக்குப் பின்னால் போய் ஆளுக்கு ஒரு ஜல்லி போட வேண்டியது. யார் எதில் போட்டான் என்று கிராணிக்குத் தெரியாது.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் நாகையா ஓட்டு நடத்துகிற முறையைக் கேட்டுச் சங்கத்துக்கு மனு எழுத உட்கார்ந்தான். கார்த்திகேசு வாசற்படியில் குந்திக்கொண்டு சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தான்.

“மாமா, டின்னு வேணாம் மாமா.”

“ஏன்?”

“கிராணி ஆளு ஒவ்வொருத்தனும் மடியில ரெண்டு மூணு கல்லு வச்சிக்கிட்டுப் போயிப் போடுவான். திரைக்குப் பின்னாடி யாரு பாக்கப் போறா? எழுந்து நிக்கிற ஓட்டுன்னா தலைய எண்ணிறலாம். ஒரு தலைக்கு ரெண்டு தலை வராதுல்ல?”

“எல்லாரும் கிராணி மூஞ்சிக்கு நேரா எழுந்து நிப்பாங்களாடா?”

“எழுவது பேரு ஒண்ணா நின்னா யாருக்கு மாமா பயம்? ஒத்தையா நிக்கத்தான் பயம்.”

கார்த்திகேசு யோசித்தான். தங்கமணியைப் பார்த்தான். “படிச்ச புள்ள சொல்றான், கேளுங்க” என்றாள் அவள். இந்தச் சொல்லை அவள் பிற்காலத்தில் எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாளோ தெரியாது.

மனுவில் நாகையா எல்லாம் எழுதினான். வழக்கம்போல் பெரட்டு வரிசையில் ஆட்கள் குந்த வேண்டும். அங்கத்தினர் பேரைச் செக்ரோல் பார்த்து வாசிக்க வேண்டும். முதலில் இப்போதைய பிரதிநிதிக்கு, பிறகு புதிதாக நிற்கிறவருக்கு, ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்க வேண்டும். ஒருதரம் எண்ணினால் எண்ணினதுதான். படித்துக் காட்டிவிட்டு நோட்டை மூடினான். பழைய கணக்கு நோட்டு, அட்டை கனம். ‘பட்’டென்று சத்தம் வந்தது.

வாசற்படியில் குந்தியிருந்த கார்த்திகேசு விசுக்கென்று பாதி எழுந்துவிட்டான். சுருட்டு கீழே விழுந்தது.

புஷ்பவல்லி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தங்கமணிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “ஐயோ, ஒங்கப்பனுக்குப் பெரட்டு வீட்டுலயும் வந்துருச்சு புள்ள.”

கார்த்திகேசுவும் வெட்கத்தோடு சிரித்துக்கொண்டே சுருட்டைத் தேடினான். “பழகின காலு, என்ன செய்யச் சொல்ற?”

நாகையாவும் சிரித்தான். பிறகு நோட்டைத் திறந்து இன்னொரு தரம் மூடிப் பார்த்தான். இந்தத் தடவை மாமா அசையவில்லை. எல்லாரும் மறுபடி சிரித்தார்கள். மனுவின் அடியில் கார்த்திகேசு தார்க் கறுப்புப் படிந்த பெருவிரலை வைத்து அழுத்தினான். மை தேவைப்படவில்லை.

அந்த வாரம் நாகையா பிள்ளைகளுக்கு ஒரு டின் பால் வாங்கி வந்தான். ஸ்டோரில் நசுங்கின டின் என்று மலிவாகக் கொடுத்ததாகச் சொன்னான். டின் எங்கேயும் நசுங்கியிருக்கவில்லை. தங்கமணி அதைக் கவனித்தாள். தம்பி சொன்னால் அவளுக்கு எல்லாம் சரிதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. கிள்ளானிலிருந்து சங்கச் செயலாளர் காசிவிஸ்வநாதன் வந்தார். கிள்ளானில் துணிக்கடை வைத்திருப்பவர், நேர்மையானவர். களத்தில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போட்டிருந்தது. முந்தின நாள் பெய்த மழையில் தரை இன்னும் ஈரமாக இருந்தது. செக்ரோலில் இருந்த தொண்ணூற்றொரு பேரும் வந்து வரிசையாகக் குந்தினார்கள். யாரும் சொல்லவில்லை. அவரவர் தினமும் குந்துகிற அதே இடத்தில் குந்தினார்கள். ஓட்டில்லாத பெண்களும் பிள்ளைகளும் தாழ்வாரத்தில் நின்றார்கள். தங்கமணி லெட்சுமியை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னாலேயே நின்றாள்.

ராமசுப்பிரமணியன் வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக வந்தார். அக்குளில் செக்ரோல். செயலாளர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, தலை எண்ணுவதற்கு யாராவது எழுதத் தெரிந்தவர் வேண்டும் என்றார். “நம்ம நாகையா இருக்கான். எதிர்த்து நிக்கிறவரோட மச்சினன்தான். அவன் எண்ணினா அவங்களுக்கும் திருப்தியா இருக்கும்” என்றார் கிராணி. அவருடைய பெருந்தன்மையைப் பார்த்துச் செயலாளர் தலையை ஆட்டினார்.

நாகையா போய் இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தான். கிராணி நின்றுகொண்டிருந்தார். கிராணி நிற்க, லயத்து ஆள் ஒருவன் நாற்காலியில் உட்கார்ந்ததை அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை. கிராணியும் அவனை எழுந்திரு என்று சொல்லவில்லை. தங்கமணிக்கு அவனைக் கூப்பிட வேண்டும் போலிருந்தது, என்னவென்று சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

கிராணி புத்தகத்தைப் பிரித்துப் பேர் வாசித்தார். தினமும் வாசிக்கிற அதே குரல், அதே வரிசை. ஐயா, ஐயா, ஐயா. தொண்ணூற்றொரு பேரும் ஐயா. கார்த்திகேசுவும் ஐயா. புத்தகம் கையில் விரிந்தபடியே இருந்தது.

செயலாளர் எழுந்து தொண்டையைச் செருமிக்கொண்டார். “திரு. ராமசுப்பிரமணியன் அவர்களே பிரதிநிதியா இருக்கணும்னு நினைக்கிறவங்க இப்போ எழுந்து நிக்கலாம்.”

களம் அப்படியே இருந்தது. கடைசி வரிசையில் நாலைந்து பேர் மட்டும் எழுந்தார்கள். கிராணிக்குச் சமைக்கிறவன், மாட்டைப் பார்த்துக்கொள்கிறவன், அப்படிப்பட்டவர்கள். முன்வரிசையில் குந்தியிருந்த கார்த்திகேசு ஓரக்கண்ணால் பின்னால் பார்த்தான். அவன் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. தங்கமணி மூச்சை விட்டாள்.

கிராணி புத்தகத்தை மூடினார். பட்.

வரிசை முழுக்க எழுந்து நின்றது. யோசித்து எழுந்ததில்லை. முட்டி மடங்கி நிமிர்ந்து, வேட்டியைத் தட்டிவிட்டு, கை கூடத் தன்னால் மண்வெட்டியைத் தேடியது. கார்த்திகேசுவும் எழுந்து நின்றான்.

எழுந்த பிறகுதான் அவர்களுக்கு விளங்கியது. பாதிப் பேர் திருதிருவென்று விழித்தார்கள். ஒருவன் மறுபடி குந்தப் பார்த்தான். கிராணி கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். அவன் குந்தவில்லை. புத்தகம் மூடின பிறகு அந்தக் களத்தில் யாரும் குந்தினதில்லை.

“எண்ணுப்பா” என்றார் கிராணி.

நாகையா பென்சிலை எடுத்துக்கொண்டு வரிசையோரமாக நடந்தான். வேகமாக எண்ணினான். முன்வரிசைக்கு வந்தபோது கார்த்திகேசு அவனைப் பார்த்தான். நாகையா அவன் முகத்தைப் பார்க்காமல் நெஞ்சுக்கு நேராகப் பென்சிலை நீட்டினான்.

“எண்பத்திமூணு.”

மாமாவையும் சேர்த்துத்தான் எண்ணினான்.

மொத்தம் எண்பத்தைந்து என்று வந்தது. பிறகு கார்த்திகேசுவை ஆதரிப்பவர்கள் எழுந்திருக்கலாம் என்று செயலாளர் சொன்னார். எழுந்திருக்க யார் மிச்சமிருக்கிறார்கள்? மாரியாயியும், பேர் கொடுத்த கையோடு வேலியோரம் ஒதுங்கப் போய், புத்தகம் மூடின பிறகு வந்து குந்திய ஐந்து பேரும்தான். மாரியாயி இரண்டு கையையும் தரையில் ஊன்றி, முனகிக்கொண்டு, யாரையும் பிடிக்கவிடாமல் எழுந்து நின்றாள். அதற்கு ரொம்ப நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் செயலாளர் காத்திருந்தார்.

“ஆறு” என்றான் நாகையா.

கார்த்திகேசு மேசைக்குப் போனான். “ஐயா, இது பெரட்டுங்க. ஓட்டு இல்லீங்க. புஸ்தகத்த மூடுனா நாங்க எந்திரிப்போம். பதினாறு வருசமா எந்திரிக்கிறோம். மறுபடி ஒருதரம் கேளுங்க ஐயா.”

செயலாளருக்கு ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று புரிந்திருக்க வேண்டும். முகம் வாடித்தான் இருந்தது. கோட்டுப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்தார்.

“பெரட்டு வரிசையில குந்தணும், எழுந்து நிக்கணும், ஒருதரம் எண்ணினா எண்ணினதுதான்னு எழுதிக் கேட்டது நீங்கதானேப்பா? கீழ இருக்கிறது உங்க விரல்தானே?”

தார்க் கறுப்பில் அவன் பெருவிரல் பளிச்சென்று தெரிந்தது.

அன்று மழை சீக்கிரமே வந்துவிட்டது. நாகையா நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தான். கார்த்திகேசு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். தங்கமணி அடுப்பு மூட்டவில்லை.

“எத்தினி நாளா?” என்று கேட்டாள்.

“என்னாக்கா?”

“என் வாயக் கிளறாத. எத்தினி நாளாக் கிராணிகிட்டப் பேசிக்கிட்டு இருக்க?”

நாகையா தலையைத் துவட்டாமல் நின்றான். தண்ணீர் சொட்டியது.

“தனி ஆளுங்களத்தான் மொதல்ல ஏத்தப் போறாங்கன்னு சொன்னாருக்கா. என் பேரு லிஸ்டுல எழுதியே இருந்திச்சு, நான் கண்ணால பாத்தேன். நான் இந்த ரூம்புல பொறந்தவன். அங்க போயி நான் என்னா செய்வேன்? செக்ரோல் எழுதுற வேலை தரேன், பேர எடுத்துடறேன்னாரு.”

“அதுக்கு?”

“மாமா செயிச்சாலும் அவரு சும்மா இருக்க மாட்டாருக்கா. எல்லாரையும் சேத்து ஏத்திடுவாரு. இப்ப ஒங்க பேரும் இருக்காது. நான் கேட்டு வாங்கிட்டேன். முருகன் படத்துமேல கைய வச்சுச் சத்தியம் பண்ணாரு. நான் ஒங்களுக்காகவும் சேத்துத்தான்…”

“எனக்காகன்னு சொல்லாத” என்றாள் தங்கமணி. “அந்த மனுசன் எந்திரிச்சத நான் பாத்தேன். அன்னிக்கு வாசப்படியில எந்திரிச்சப்ப நானும்தான் சிரிச்சேன். நீ அத எடுத்துட்டுப் போயி அவருகிட்டக் குடுத்துட்டு வந்திருக்க.”

அவள் அழுதாள். கார்த்திகேசு திரும்பவே இல்லை. சுவரைப் பார்த்தபடியே சொன்னான். “அவனுக்குச் சோத்தப் போடு. நனைஞ்சிருக்கான்.”

அவள் போடவில்லை. திங்கட்கிழமையும் அவனோடு பேசவில்லை. ஆனால் திங்கட்கிழமை சாயங்காலம் நாகையா லெட்சுமியைத் தூக்கிக்கொண்டு, “ஒங்க பேரு இல்லக்கா, சத்தியமா இல்ல, வேணும்னா என் தலையில அடிச்சிச் சொல்றேன்” என்று மறுபடி சொன்னபோது அவளுக்கு மனசு இளகிவிட்டது. வளர்த்த மனசு அது. துரோகம் துரோகம்தான், ஆனாலும் பிள்ளைகளோடு இந்த ரூம்பிலேயே இருந்துவிடலாம் என்றால் அதையும் விழுங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். செவ்வாய்க்கிழமை விடிகாலையில் எழுந்து சோறாக்கி, கருவாட்டுச் சம்பல் வைத்து, இரண்டு தூக்குச் சட்டியில் போட்டு மூடினாள். ஒன்று புருஷனுக்கு. இன்னொன்று யாருக்கென்று அவள் சொல்லவில்லை, கார்த்திகேசுவும் கேட்கவில்லை. இரண்டையும் எடுத்துக்கொண்டு அவளே களத்துக்குப் போனாள். நேரில் கொடுத்துவிட்டால் பேச்சு தன்னால் வந்துவிடும் என்பது அவள் எண்ணம்.

களத்தில் எல்லாரும் குந்தியிருந்தார்கள். அன்றைக்குச் செக்ரோல் நாகையா கையில் இருந்தது. புதுச் சட்டை போட்டிருந்தான். கிராணி பக்கத்தில் சாய்வாக நின்றுகொண்டிருந்தார். பேரெல்லாம் வாசித்து முடிந்ததும் கிராணி கோட்டுப் பையிலிருந்து ஒரு நீளக் காகிதத்தை எடுத்து அவனிடம் கொடுத்தார்.

“விருப்பப்பட்டு ஊருக்குப் போறவங்க. இதையும் படிச்சிடு. வெள்ளிக்கிழமை லோரி வரும். போர்ட் சுவெட்டன்ஹாம்ல சனிக்கிழமை கப்பல்.”

நாகையா காகிதத்தைப் பிரித்தான். படிக்கத் தொடங்கவில்லை. முதல் வரியிலேயே கண் நின்றுவிட்டது. காகிதத்தைத் தாழ்த்திக் கிராணியைப் பார்த்தான்.

“படி” என்றார் அவர்.

“ஐயா, நீங்க…”

“ஒன் பேரு இல்லல்ல? படி.”

கித்தா காட்டிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. தங்கமணி தாழ்வாரத்துத் தூணருகே நின்றாள். தம்பி இப்போது காகிதத்தைக் கிழித்துப் போடுவான் என்று அவள் ஒரு கணம் நிச்சயமாக நம்பினாள். போடாவிட்டாலும், படிக்க மாட்டேன் என்றாவது சொல்லிவிடுவான் என்று நினைத்தாள்.

நாகையா படித்தான். பள்ளிக்கூடத்தில் படிக்கக் கற்ற அதே ராகம்.

“கார்த்திகேசு. பெஞ்சாதி தங்கமணி. புள்ளைங்க ரெண்டு.”

பிறகு மற்றப் பதினாலு குடும்பத்தையும் வாசித்தான். முடிந்ததும் காகிதத்தைச் செக்ரோலுக்குள் வைத்து, இரண்டு கையாலும் பொத்தினாற்போல மெதுவாகத்தான் மூடினான். அப்படியும் சத்தம் வந்தது. எல்லாரும் எழுந்து நின்றார்கள். கார்த்திகேசுவும் எழுந்தான். இன்று எழக் கூடாது என்று இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருந்தவன்தான் அவன்.

தங்கமணி களத்துக்குள் நடந்து வந்தாள். கிராணியை அவள் பார்க்கவில்லை. நாகையா “அக்கா” என்றான். அவன் பக்கமும் திரும்பவில்லை. புருஷன் கையில் ஒரு தூக்குச் சட்டியைக் கொடுத்தாள். இன்னொன்றை எடுத்துக்கொண்டு நாகையாவைத் தாண்டிப்போய், ஜல்லிக் குவியலோரம் உட்கார்ந்திருந்த மாரியாயியின் மடியில் வைத்தாள்.

“யாருதுடி இது?” என்று கேட்டாள் மாரியாயி.

“யாருதும் இல்லக்கா” என்றாள் தங்கமணி. “கூட ஆக்கிட்டேன். நீ சாப்புடு.”